ஓடைக்கரை மரங்கள்: எங்கள் விளையில் தங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் எங்கள் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. மேட்டில் ரப்பர், அதற்குக் கீழே தென்னையும் மட்டி வாழையும், சரிவு முடியும் இடத்தில் ஓடை. அந்தத் தண்ணீர் கோதையாற்றில் சேர்ந்து, மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கலந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது. பழைய ஓட்டு வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்குக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் கேட்பதையும், சொந்த நிலத்தில் நடுவதற்காகப் போனில் விசாரிக்கிறவர்கள் கேட்பதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஓடைக்கரை வீடு என்று சொன்னீர்கள். திண்ணையிலிருந்து ஓடையே தெரியவில்லையே?

தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் மரமும் கைதைப் புதரும் நிற்கின்றன, அவற்றை வெட்டுவதாக இல்லை.

ஒரு தடவை வெட்டிப் பார்த்தவன்தான் நான். விருந்தினர் தங்கத் தொடங்கிய புதிதில், திண்ணையில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, முப்பது அடி நீளத்துக்குக் கைதையை வேரோடு பறித்தேன். எங்கள் பாட்டா காலத்திலிருந்து வேலைக்கு வரும் பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "வேண்டாம் மக்கா, கைதய எடுத்தா பொறவு கரை நிக்காது" என்றார். நான் கேட்கவில்லை. புல் விதைத்தேன், இரண்டு நாற்காலி போட்டேன், போட்டோ எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது.

2021 நவம்பரில் மாவட்டம் முழுக்கக் கொட்டிய மழை உங்களுக்கும் நினைவிருக்கும். அன்று இரவு ஓடை செம்மண் நிறத்தில் ஏறி வந்தது. காலையில் போய்ப் பார்த்தால், அந்த முப்பது அடியில் மட்டும் கரை ஆறடி உள்ளே நகர்ந்திருந்தது. காய்த்துக்கொண்டிருந்த மூன்று தென்னைகள் தலைகுப்புறக் கிடந்தன. இரண்டு பக்கமும் கைதை நின்ற இடத்தில் ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. நாற்காலிகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

இப்போது தண்ணீரைப் பார்க்க இரண்டு கடவு, அதாவது இறங்கும் படித்துறை, விட்டிருக்கிறோம். இறங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்து பாருங்கள்.

கைதை என்பது தாழம்பூ பூக்கும் தாழைதானா?

அதுவேதான். இந்தப் பக்கம் கைதை என்போம். அன்னாசியைப் பழைய ஆட்கள் கைதச்சக்கை என்பதும் இதை வைத்துத்தான், காய் பார்க்க அப்படியே இருக்கும். ஆண் செடியில் வருவதுதான் மணக்கும் தாழம்பூ, பெண் செடியில் காய். தண்டிலிருந்து விரல் கனத்தில் இறங்கும் விழுதுகள் சேற்றில் ஊன்றி நிற்கும். வெள்ளம் வரும்போது அவற்றின் நடுவே தண்ணீர் வேகம் குறைந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். கரை கரைகிற இடத்தில் கரையை வளர்க்கிற செடி என்றால் இதுதான். ஓலை விளிம்பிலும் நடுநரம்பிலும் முள் இருக்கிறது, அரைக்கால் சட்டையோடு புகுந்தால் தெரியும். முள்ளைச் சீவி, ஓலையைப் பதப்படுத்திப் பாய் முடைவது முன்பு பல வீடுகளில் நடந்த வேலை.

அப்படியானால் கரை முழுக்கக் கைதையே வைத்தால் போதுமே?

போதாது. கைதை பிடிப்பது கரையின் அடிப்பாகத்தை மட்டும்தான். கரையை மூன்று தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொடும் விளிம்பில் கைதை, ஆற்றுவஞ்சி, ஓடை மூங்கில். ஆற்றுவஞ்சி என்பது பாறை இடுக்கில் நிற்கும் புதர், இலை அரளி மாதிரி ஒல்லியாக இருக்கும். வெள்ளத்தில் அப்படியே படுத்துக்கொள்ளும், வடிந்ததும் எழுந்து நிற்கும். மழை விட்ட மறுநாள் பார்த்தால் அதன் கிளையெல்லாம் சருகும் பிளாஸ்டிக் கவரும் தொங்கும், அவ்வளவுதான் அதற்கு நேர்ந்த சேதம். ஓடை மூங்கிலை ஈத்தை என்பார்கள். மலையில் காணிப் பழங்குடி மக்கள் கூடை முடைவது இதில்தான்.

நடுச் சரிவில், தண்ணீர் சில நாள் நின்றாலும் தாங்குகிற மரங்கள்: செங்கடம்பு, புங்கு. மேல் தட்டில் நீர்மருது, மணிமருது, நாவல், அத்தி, அயனி, தெரளி. எங்கள் விளையில் இது யாரும் திட்டம் போட்டு நட்டதல்ல. பாட்டா வெட்டாமல் விட்டதால் இருக்கிறது.

மருது என்று இரண்டு மரத்தைக் காட்டுகிறீர்களே?

பெயர்தான் ஒன்று, சாதி வேறு. நீர்மருதுக்கு வெளுத்த சாம்பல் நிறத்தில் வழவழப்பான பட்டை, ஏடு ஏடாக உரியும். காயில் ஐந்து இறக்கை இருக்கும். அடிமரம் பலகை பலகையாக விரிந்து கரையை அணைத்து நிற்கும். இதன் பட்டையைத்தான் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நெஞ்சு நோய்க்குச் சொல்வார்கள். அதனால் வழிப்போக்கர்கள் வந்து கத்தியால் செதுக்கிக்கொண்டு போவதும் உண்டு. சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

மணிமருது வேறு. பூமருது என்றும் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் உச்சி முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக் குலுங்கும். கசங்கிய பட்டுத்துணி மாதிரி இதழ். பேச்சிப்பாறைப் பக்கம் போகும்போது ரோட்டோரம் அந்த நிறத்தில் மரம் கண்டால், பெரும்பாலும் அதுதான்.

வயலும் வயல் சார்ந்த இடத்துக்கும் மருதம் என்று பெயர் வைத்தவர்கள் இவற்றில் எந்த மரத்தை மனதில் வைத்திருந்தார்கள் என்று பெரிய படிப்பாளிகள் வாதாடுகிறார்கள். எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

காலையில் ஓடையில் சிவப்பு நார் மாதிரி மிதந்து போவது என்ன?

செங்கடம்புப் பூ. நீர்க்கடம்பு என்றும் பெயர். முருகனுக்குச் சூட்டும் கடம்புக்கும் இதற்கும் உறவு கிடையாது. பங்குனி, சித்திரையில் கிளை நுனியிலிருந்து ஒரு முழம் நீளத்தில் சரம் சரமாகத் தொங்கும். பூவில் இதழ் சின்னது, சிவந்த இழைகள்தான் கண்ணில் படும். இருட்டிய பிறகு விரியும், விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்குப் போனால், அந்துப்பூச்சிகள் சரத்தைச் சுற்றுவதைப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்குப் போனால், கடவில் தேங்கிய தண்ணீர் முழுக்கச் சிவப்பாக இருக்கும், கையை விட்டு ஒதுக்கினால்தான் அடியில் மீன் தெரியும். எட்டு மணிக்குள் ஓடை இழுத்துக்கொண்டு போய்விடும். காலை உணவுக்குப் பிறகு போகலாம் என்று இருப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீரில் நின்றாலும் சாகாத மரம் இது. காய் நான்கு பட்டையாக இருக்கும். காயையும் பட்டையையும் இடித்துக் குட்டையில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கிற பழக்கம் முன்பு இருந்தது. இடித்துக் கலக்கினால்தான் அந்த வேலை நடக்கும். தானாக விழும் இலையாலும் பூவாலும் ஓடுகிற தண்ணீரில் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கடவுக்குப் பக்கத்தில் மாங்காய் மாதிரி தொங்குகிறதே, பறிக்கலாமா?

கூடாது. தொடவே வேண்டாம். அது ஒதளங்காய். இலையும் காயும் மாமரம் மாதிரியே ஏமாற்றும், கிள்ளினால் பால் வரும். உள்ளே இருக்கும் பருப்பு கொடிய விஷம், இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். காயலோரத்திலும் ஓடைக்கரையிலும் தானாக முளைக்கும் மரம் இது, காய் மிதந்து வந்து கரையேறும். எங்கள் ஓடையில் ஒன்றே ஒன்று நிற்கிறது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அந்த மரத்தைத்தான். அடியில் விழுந்த காயைத் தினமும் பொறுக்கிப் புதைத்துவிடுகிறோம். யாராவது கடித்துவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்படியே வெட்டிவிடலாமே என்று கேட்கிறார்கள். போன வருஷம் வரை வேண்டாம் என்றே நினைத்தேன். இப்போது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரத் தொடங்கியதும் மனம் மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் புதிதாக நடுகிறீர்கள் என்றால் இதை நட வேண்டாம்.

வேறு எதைத் தொடக்கூடாது?

சேரு. ரப்பர் விளை முடியும் ஓரத்தில், சிவப்புச் சாயம் அடித்துவைத்திருக்கும் மரம். அதன் பால் காற்றுப்பட்டால் கருத்துவிடும், தோலில் பட்டால் சிலருக்குத் தடித்து வீங்கும். அதன் அடியில் நின்று மழைக்கு ஒதுங்க வேண்டாம்.

பாம்பு வராதா?

வரும். தண்ணீரில் அதிகம் காண்பது நீர்க்கோலி, அதற்கு விஷம் கிடையாது. விஷப்பாம்பும் இந்த ஊரில் உண்டு. இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், சருகுக் குவியலில் கை விடாதீர்கள். கைதைப் புதரில் பாம்பு குடியிருக்கும் என்று பயந்து புதரை அழித்தவர்கள் வீட்டு விறகுப் புரையிலும் பாம்பு வரத்தான் செய்கிறது.

நேற்று சாயங்காலம் கொடுத்த கொழுக்கட்டைக்கு அந்த மணம் எப்படி வந்தது?

அது தெரளி இலை. கரை மேட்டில், நிழலில் நிற்கும் மரம், காட்டுக் கறுவாவின் வகை. இலையில் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளமாக ஓடும், கசக்கினால் கறுவா மணம். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், சுக்கு எல்லாம் பிசைந்து, இலையைக் கும்பிளாகச் சுருட்டி, உள்ளே அடைத்து, ஈர்க்கால் குத்தி ஆவியில் வேகவைப்போம். கோவில் கொடைக்கும் பொங்கலுக்கும் செய்வது. இலையை உரித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். சென்ற மாதம் ஒருவர் இலையோடு சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நாங்களும் திருத்தவில்லை.

எங்கள் நிலத்திலும் ஓடை ஓடுகிறது. கரையில் நட எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்து பாருங்கள். தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எந்த வளைவில் மண்ணைத் தின்கிறது என்று குச்சி ஊன்றி அடையாளம் வையுங்கள். வெளி வளைவில்தான் கரை போகும், உள் வளைவில் மணல் சேரும். பணமும் உழைப்பும் வெளி வளைவுக்கு.

நடுவதற்கு நல்ல நேரம் இடவப்பாதி, அதாவது ஜூன் தொடக்கம். கல்குளம், விளவங்கோடு பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் கிடைக்கும். ஜூனில் வைத்த கன்று, துலாமழை (ஐப்பசி மழை) வெள்ளம் வருவதற்குள் நாலைந்து மாதம் வேர் ஓட்டிக்கொள்ளும். அக்டோபரில் நட்டால் முதல் வெள்ளத்திலேயே கன்றைத் தேங்காய்ப்பட்டணத்தில் போய்த் தேட வேண்டியதுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தென்மேற்கு மழை குறைவு. அங்கே ஜூனில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வசதி வேண்டும்.

கைதையும் பூவரசும் கம்பு வெட்டி ஊன்றினாலே வரும். ஓடை மூங்கிலுக்குக் கிழங்கோடு தூர் பிரித்து வைக்க வேண்டும். நாவல் விதை உலர்ந்தால் முளைக்காது, பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும். புன்னைக்கு ஓடு கெட்டி. அப்படியே புதைத்தால் முளைக்க இரண்டு மாதம்வரை ஆகும், உள்ளே பருப்பு நசுங்காமல் ஓட்டை உடைத்து எடுத்து ஊன்றினால் மூன்று வாரத்தில் தலை காட்டும். இதற்குச் சுத்தியலைவிட அம்மிக்கல் நல்லது, சொந்த விரல் அனுபவத்தில் சொல்கிறேன்.

கன்று பெரிதாகும்வரை மண் பிடிக்க இடையில் வெட்டிவேர் வரிசை போடலாம். ஆடு மாடு புகாமல் அடைத்துவிட்டால் பாதி வேலையை ஓடையே பார்த்துக்கொள்ளும். வெளவாலும் பறவையும் போடும் விதையில் அத்தியும் நாவலும் தானாக வந்து நிற்கும். எங்கள் சரிந்த முப்பது அடியில் இப்போது நிற்பவற்றில் நான் வைத்ததைவிட வெளவால் வைத்தது அதிகம்.

பண்ணைக்குட்டையைச் சுற்றியும் மருதும் அத்தியும் வைக்கலாமா?

சுற்றி வைக்கலாம், மண் கரையின் மேல் வைக்கக்கூடாது. இதில் பலரும் தவறு செய்கிறார்கள். ஓடைக்கரை என்பது இயற்கையான நிலம், பின்னால் கெட்டி மண் இருக்கிறது. குட்டைக்கரை நாம் கொட்டி இறுக்கிய மண். பெரிய மரத்தின் வேர் அதில் குறுக்கே ஓடி, மரம் பட்டபிறகு அந்த வேர் மக்கினால், அந்த வழியே குழாய் வைத்தது போலத் தண்ணீர் கசியும். காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை ரப்பரையும் வாழையையும் சாய்த்தது என்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குட்டைக்கரையில் புல்லும் வெட்டிவேரும் போதும். மரத்தைக் கரையின் அடிவாரத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். சின்னக் குட்டையில் சருகு அதிகம் விழுந்து மக்கினாலும் தண்ணீரில் காற்று குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

தைல மரமோ அக்கேசியாவோ மஹோகனியோ சீக்கிரம் வளருமே?

வளரும். விலையும் கிடைக்கும். மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நானே ரப்பர் வைத்திருப்பவன், வெளிநாட்டு மரம் என்று யாரையும் திட்டும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் வெட்டி விற்க வைத்த மரத்தைக் கரையில் வைத்தால், விற்கும் நாளில் கரையையும் சேர்த்துத்தான் விற்க வேண்டிவரும்.

எங்கள் இடம் கடலோரம், தண்ணீர் உப்பு. அங்கே என்ன வரும்?

புன்னை, பூவரசு, தாழை, புங்கு நான்கும் தாங்கும். புன்னை நிழல் அடர்த்தியானது, வெள்ளைப் பூவுக்கு நல்ல மணம். கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயை விளக்குக்கும் வள்ளத்துக்கும் பயன்படுத்தினார்கள். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் அலையாத்தி மரங்களும் நிற்கின்றன. அவற்றுக்குக் கடலோடு ஏறி இறங்கும் தண்ணீர் வேண்டும், தோட்டத்துக் குட்டையில் வைத்துப் பார்க்க வேண்டாம். உள்நாட்டு நீர்ப்பறவைக் குளங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் பக்கம் காலை நேரத்தில் போய்வரலாம். அவை உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை.

ஓடைக்கரை புறம்போக்கு என்கிறார்களே?

பெரும்பாலும் அப்படித்தான். உங்கள் பட்டா எங்கே முடிகிறது என்று வரைபடத்தை எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புறம்போக்கில் நிற்கும் மரம் நீங்களே வைத்ததாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது.

மரத்தில் தூளி ஊஞ்சல் கட்டலாமா?

நாவலிலும் அயனியிலும் அகலப் பட்டையால் கட்டலாம். நைலான் கயிறும் ஆணியும் வேண்டாம். அத்திக் கிளை ஒடியும்.

ஒரு இடத்தில் மட்டும் கரையை மொட்டையாக விட்டிருக்கிறீர்களே, மறந்துபோனதா?

மறக்கவில்லை. எதிர்க்கரையில், ஆளுயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அந்த மண்சுவரில் ஓட்டை தெரிகிறதா? மீன்கொத்தி அதற்குள்தான் கூடு வைக்கும். கரையெல்லாம் வேராலும் புதராலும் மூடிவிட்டால் அதற்குத் தோண்ட இடம் இருக்காது. உள் வளைவுக்குச் சற்று மேலே, வெள்ளம் அதிகம் அறுக்காத இடம் பார்த்து ஒரு பத்தடியை அதற்கு விட்டோம். கடவில் அசையாமல் உட்கார்ந்தால், வாயில் மீனோடு செங்கடம்புக் கிளையில் வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓட்டைக்குள் பாயும். சட்டை மட்டும் பளிச்சென்ற நிறத்தில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஓடையில் குளிக்கலாமா?

தண்ணீர் தெளிந்திருந்தால் கடவில் குளிக்கலாம். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகு அதிகமாக மிதந்து வந்தாலோ உடனே ஏறிவிடுங்கள். கோதையாற்றில் இறங்குவதென்றால் பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்தால் திற்பரப்பு அருவியிலேயே குளிக்க விடமாட்டார்கள்.

எந்த மாதம் வரலாம்?

செங்கடம்புக்குப் பங்குனி, சித்திரை. மணிமருதுக்கு அதைத் தொட்டு வைகாசி. நாவல் பழம் ஆனி, ஆடியில், அப்போது வெள்ளைத் துணி உடுத்தி மரத்தடிக்கு வராதீர்கள். ஐப்பசியில் வந்தால் மழையைத் தவிர வேறொன்றும் பார்க்க முடியாது, அதைப் பார்க்கவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடையும், சேற்றில் போனால் கவலைப்படாத ஒரு ஜோடி செருப்பும் கொண்டுவந்தால் போதும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் நாங்கள் செய்து வைக்கிறோம்.